மூச்சு வாங்கும் கேள்வித்தாள்

லிஃப்ட் மெக்கானிக்குகளைப் பற்றி ஊரில் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. நாள் முழுக்க லிஃப்டில் சொகுசாக ஏறி இறங்கிச் சம்பளம் வாங்குகிறவர்கள் என்று. ஓடுகிற லிஃப்டுக்கு யார் மெக்கானிக்கைக் கூப்பிடப் போகிறார்கள்? நின்றுபோனால்தான் கூப்பிடுவார்கள். மோட்டார் இருப்பதோ மொட்டை மாடியில். ஆகவே ஊரிலேயே அதிகமாகப் படி ஏறுகிற ஜீவன் லிஃப்ட் மெக்கானிக்தான்.

நம் லிஃப்ட்காரர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படி ஏறிக்கொண்டிருந்தவர். அன்றைக்கு ஓர் இன்சூரன்ஸ் கட்டடத்தில் ஏழாவது மாடித் திருப்பத்தை எட்டியபோது கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. நெஞ்சில் யாரோ ஸ்பானரை வைத்து முறுக்கினார்கள். அடுத்து அவருக்குத் தெரிந்தது, கருவிப் பைமேல் தலை வைத்துத் தான் படியில் படுத்திருப்பதுதான். இறங்கி வந்த குமாஸ்தா ஒருவர் அவரை ஜாக்கிரதையாகத் தாண்டி, "லிஃப்ட் எப்ப சார் ரெடியாகும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மனைவி அவரை இழுத்துக்கொண்டு போன இடம், மருத்துவக் கல்லூரியின் பெரிய ஆஸ்பத்திரி. அந்தக் கல்லூரியின் பின்தெருவில்தான் அவள் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். வருங்கால டாக்டர்கள் அத்தனை பேரும் அவள் கடையில் நகல் எடுத்த நோட்ஸைப் படித்துத்தான் பாஸாகிறார்கள். உள்ளே போனால் பாதிப் பேர் "வாங்க ஜெராக்ஸ் அக்கா" என்பார்கள். நாலு தெரிந்த முகம் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று அவள் நம்பினாள். நம்பிக்கை தப்பில்லை. ஆஸ்பத்திரிதான் வேறு மாதிரி.

இதயத்தை ஸ்கேன் செய்கிற எக்கோ அறையில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். வளவளவென்று பேசாதவர். நெஞ்சில் குளிர்ச்சியாக ஏதோ தடவி, கருவியை அழுத்தி, திரையைத் திருப்பிக் காட்டினார். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் புறப்படும் வாசலில் எல்லாருக்கும் மூன்று இதழ் வைத்த வால்வு இருக்கும், இவருக்கு இரண்டுதான் என்றார். பிறவியிலேயே அப்படி. இத்தனை காலம் சமாளித்த அந்த இரண்டும் இப்போது சுண்ணாம்பு ஏறிக் கெட்டியாகிவிட்டன. கதவு முக்கால்வாசி திறக்கவில்லை.

"பொறந்ததுலேருந்து கூடவே இருந்துட்டு ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார் லிஃப்ட்காரர், நெருங்கிய பங்காளி ஏமாற்றிவிட்டதைப் போல.

"இப்பதான் சொல்லுது. மயங்கி விழுந்தீங்கள்ல, அதான் அது பேசற பாஷை. வால்வை மாத்தணும். தள்ளிப்போடக் கூடாது."

படி ஏறாதீர்கள், கனமானதைத் தூக்காதீர்கள், முதலில் பல் டாக்டரைப் பாருங்கள் என்றும் சொன்னார். நெஞ்சுக்கும் பல்லுக்கும் என்ன உறவு என்று லிஃப்ட்காரர் கேட்டார். சொத்தைப் பல்லில் இருக்கிற கிருமி ரத்தத்தில் இறங்கிப் போய்ப் புது வால்வில் குடியேறிவிடும், அதனால் வாயைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் நெஞ்சைத் திறப்பார்கள் என்று விளக்கம் வந்தது. அன்றே இரண்டு பல் போயிற்று, இதய வார்டில் ஒரு கட்டில் கிடைத்தது. அவரைப் பொறுத்தவரை வைத்தியம் ஆரம்பமாகிவிட்டது.

ஆனால் அறுவை சிகிச்சைக்கு அனுப்ப இதயத் துறையின் பெரிய டாக்டர் தலையசைக்க வேண்டும். அவர் தலை சுலபத்தில் அசையாது. காதுதான் அவருடைய சொத்து. எக்கோ மெஷின் செவிடர்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்பது அவர் சித்தாந்தம். வெள்ளைக் கோட்டுகள் ஒரு ஊர்வலமாகப் பின்தொடர வார்டுக்குள் வந்தவர், லிஃப்ட்காரரின் நெஞ்சின் வலதுபக்க மேலோரத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். கண்ணை மூடினார். திறக்கவில்லை. கழுத்துக்கு நகர்த்தினார். மறுபடி நெஞ்சுக்கு வந்தார். வார்டில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது.

அவர் கண் திறந்தபோது இமையோரம் ஈரமாக இருந்தது.

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு மர்மர் கேட்டதில்லை. ஏறுது, உச்சிக்குப் போகுது, இறங்குது, கழுத்து வரைக்கும் பயணம் பண்ணுது. மாணவனா இருந்தப்போ ஒரே ஒருத்தர்கிட்ட கேட்டேன். பாவம், அவரை ரொம்ப நாள் கேக்க முடியலை."

வெள்ளைக் கோட்டுகள் பக்தியோடு தலையாட்டின. மர்மர் என்கிற அந்த இதய இரைச்சலை எல்லோரும் வரிசையில் நின்று கேட்டார்கள். கடைசியில் துப்புரவுப் பணியாளரும் வாளியை வைத்துவிட்டு வரிசையில் நின்றார். அவரை மட்டும் விரட்டிவிட்டார்கள்.

ஆபரேஷன் எப்போது என்று மனைவி கேட்டாள். மேல்படிப்பு டாக்டர்களுக்கு அடுத்த மாதம் செய்முறைத் தேர்வு என்றார் பெரிய டாக்டர். தேர்வில் ஒவ்வொருவரும் ஒரு நோயாளியைப் பரிசோதித்து நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த நோயாளிக்கு லாங் கேஸ் என்று பெயர். இந்த வருஷம் லாங் கேஸ் இவர்தான்.

"அதுக்கு முன்னாடியே மாத்திட்டா என்ன டாக்டர்?"

"மாத்தினா சத்தம் போயிடுமேம்மா" என்றார் பெரிய டாக்டர். ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல இதமாகத்தான் சொன்னார். "அப்புறம் நாங்க எதைக் கேக்கறது?"

அன்றிலிருந்து லிஃப்ட்காரருக்கு வாழ்வு வந்தது. ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. மர்மருக்கு இடைஞ்சல் என்று தலைக்கு மேலிருந்த மின்விசிறியை நிறுத்தினார்கள். பக்கத்துக் கட்டில்காரர் இருமல் வந்தால் வராந்தாவுக்குப் போய் இருமிவிட்டு வர வேண்டும். கட்டிலின் கால்மாட்டில் 'ஒலி பாதுகாக்கப்பட்ட பகுதி' என்று ஒரு பலகை தொங்கியது. அறுவை சிகிச்சை டாக்டர்கள் அந்தப் பக்கம் நடமாடுவதற்குத் தடை. ஒரு தடவை அந்தத் துறையின் சர்ஜன் ஒருவர் வழி தவறி உள்ளே வந்து லிஃப்ட்காரரின் மார்பைத் தையற்காரர் பார்ப்பதைப் போல ஒரு பார்வை பார்த்துவிட்டார். இரண்டு நர்ஸுகள் அவரைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

புகழ் பரவியது. பக்கத்து ஊர்க் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து, தங்கள் தேர்வுக்கும் இவரை ஒரு நாள் இரவல் தர முடியுமா என்று கேட்டார். பதிலுக்குத் தங்களிடம் இருக்கும் ஒரு வீங்கிய கல்லீரலையும் இரண்டு மண்ணீரலையும் அனுப்புவதாகச் சொன்னார். பெரிய டாக்டர் நரம்புக் கேஸ் ஒன்றும் சேர்த்துக் கேட்டார். பேரம் படியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த லிஃப்ட்காரருக்கு, தன் மதிப்பு இவ்வளவா என்று ஒரு கணம் கர்வமாகக்கூட இருந்தது. எழுந்து கழிப்பறைக்குப் போய் வந்தார். மூச்சு வாங்கி, பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கர்வம் அங்கேயே இறங்கிவிட்டது.

தேர்வுக்கு முந்தின வாரம் அவருக்குப் பயிற்சி நடந்தது. மாணவர் என்ன கேட்டாலும் மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குது, மயக்கம் வருது என்ற மூன்றைத் தவிர வேறெதுவும் சொல்லக் கூடாது. வால்வு என்ற சொல்லையே வாயில் வைக்கக் கூடாது. தேர்வு அதிகாரி நேரில் வந்து அவரிடம் சத்தியப் பிரமாணம் வாங்கினார். வழுக்கைத் தலையும் இடுக்கிய கைப்பையுமாக எப்போதும் யாரையோ சந்தேகிக்கிற மனிதர்.

"நீங்க சாதாரண நோயாளி இல்லை. பல்கலைக்கழகத்தோட கேள்வித்தாள். கேள்வித்தாள் பேசாது."

"மூச்சு விடலாமா சார்?" என்று லிஃப்ட்காரர் கேட்டார்.

அதிகாரி யோசித்து, அளவாக விடலாம் என்றார்.

தேர்வு நாளும் வந்தது. மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து தட்டினார்கள், தடவினார்கள், குனிய வைத்தார்கள், மூச்சை அடக்கச் சொன்னார்கள். அடக்குவதற்கு அவரிடம் என்ன இருந்தது? கட்டிலைச் சுற்றி நின்ற தேர்வாளர்களிடம் மாணவர்கள் முடிவைச் சொன்னார்கள். அடுத்து என்ன செய்வாய் என்று பெரிய டாக்டர் கேட்பார். உடனே வால்வை மாற்ற வேண்டும் என்று மாணவர் சொல்வார். ஏன் உடனே? மயக்கம் வர ஆரம்பித்துவிட்டது, தாமதித்தால் திடீரென்று உயிர் போகலாம். சபாஷ் என்று பெரிய டாக்டர் முதுகில் தட்டுவார். ஒருவர் ஒரு வாரம்கூடப் பொறுக்கக் கூடாது என்றார். அவருக்குக் கூடுதல் மதிப்பெண். இன்னொருவர் இவ்வளவு நாள் விட்டு வைத்ததே குற்றம் என்று ஆவேசப்பட்டார். அவருக்குத் தங்கப் பதக்கத்துக்கே சிபாரிசு. கட்டிலில் கிடந்த லிஃப்ட்காரர், தனக்கு வேண்டியதை இத்தனை பேர் இத்தனை அழகாகச் சொல்வதைக் கேட்டு உருகிப்போனார். யாராவது ஒருவர் அப்படியே தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்துவிட மாட்டார்களா என்று வாசலைப் பார்த்தார். அடுத்த மாணவர்தான் வந்தார்.

கடைசியாக வந்தவர் அதே வார்டில் ஒரு வருஷமாக வேலை பார்த்த பயிற்சி டாக்டர். வெள்ளந்தியான ஆள். கண்ணால் பார்த்ததைச் சொல்கிற பழக்கம் உள்ளவர். நோயைச் சரியாகச் சொல்லிவிட்டார்.

"அடுத்து என்ன செய்வே?"

"பரீட்சை முடியற வரைக்கும் காத்திருக்கச் சொல்வேன் சார்."

பெரிய டாக்டரின் முகம் சிவந்தது. "ஒரு மனுஷன் உயிரோட விளையாடுவியா? உன்னை மாதிரி ஆளை எப்படி வெளியே விடறது? ஃபெயில்."

பெயிலான ஒரே ஆள் அவர்தான். அதனால்தான் வினை வந்தது. அவருக்காக மூன்று மாதம் கழித்து மறுதேர்வு. அதற்கு அதே தரத்தில் ஒரு லாங் கேஸ் வேண்டும் என்று விதி சொல்கிறது. மறுதேர்வு முடிந்ததும் கட்டாயம் ஆபரேஷன் என்று பெரிய டாக்டர் மனைவியிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே மர்மர் குறைய ஆரம்பித்தது. பெரிய டாக்டர் காலையும் மாலையும் வந்து கேட்டுக் கவலைப்பட்டார். தரம் இறங்குகிறதே, மறுதேர்வு வரை தாங்குமா என்று நர்ஸிடம் புலம்பினார். சத்தம் குறைந்தால் நோய் குறைகிறது என்றுதானே அர்த்தம் என்று லிஃப்ட்காரர் சந்தோஷப்பட்டு, மனைவியிடம் சொன்னார். அவள் எக்கோ டாக்டரைத் தேடிப் போய் வராந்தாவில் மடக்கினாள்.

எக்கோ டாக்டர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "சத்தம் குறையறது நல்லதுக்கு இல்லைக்கா. இதயம் சோர்ந்துபோச்சு. தள்ளற வேகம் போயிடுச்சு, அதான் சத்தமும் போகுது. மூணு மாசம் எல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் எழுதி எழுதிப் பார்த்துட்டேன். இங்கே யாரும் படிக்கறதில்லை, கேக்கறதோட சரி."

மனைவி அழவில்லை. கடைக்குப் போனாள். ஷட்டரைத் தூக்கி, மெஷினைச் சூடாக்கிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தாள். அந்தத் தெருவில் கடை வைத்திருப்பவளுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பல்கலைக்கழகம் நோயாளி செத்தால் அசையாது. மாணவர்கள் மறியல் செய்தால் அசையாது. கூரை இடிந்து விழுந்தால்கூடக் குழு போட்டுவிட்டுத் தூங்கும். ஆனால் கேள்வித்தாள் வெளியாகிவிட்டது என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும், விடிவதற்குள் அந்தத் தாளைக் கொளுத்திவிட்டு வேறு தாள் வைப்பார்கள். போன வருஷம் உடலியல் தாளுக்கு அப்படித்தான் நடந்தது. அவள் கடை வாசலில்தான் போலீஸ் வண்டி நின்றது.

மறுநாள் நோட்ஸ் நகல் எடுக்க வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் இலவசமாகப் போயிற்று. கொட்டை எழுத்தில், தெளிவாக, குழப்பமில்லாமல் இருந்தது: மறுதேர்வு லாங் கேஸ், ஜன்னலோரக் கட்டில். நோய், பிறவியிலேயே இரண்டு இதழ் வால்வு, இப்போது சுருங்கிவிட்டது. சிகிச்சை, உடனே மாற்றுவது. இருட்டுவதற்குள் அது கல்லூரி விடுதி, நூலகம், டீக்கடை எல்லா இடத்திலும் ஒட்டப்பட்டிருந்தது. பெயிலான பயிற்சி டாக்டருக்கு மட்டும் அவள் இரண்டு பிரதி கொடுத்தாள்.

விசாரணைக் குழு கூடியது. நீளமான மேஜை, தண்ணீர் ஜக், ஒரு பக்கம் தேர்வு அதிகாரி, மறு பக்கம் பெரிய டாக்டர். லிஃப்ட்காரரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சாட்சியாகவா, குற்றவாளியாகவா, ஆதாரப் பொருளாகவா என்று முதலில் ஒரு சர்ச்சை நடந்தது. ஆதாரப் பொருள் என்று முடிவாயிற்று. ஆகவே அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மனைவியைத்தான் கேட்டார்கள்.

பல்கலைக்கழகத்தின் ரகசியத்தை வெளியிட்டது நீதானா என்று தேர்வு அதிகாரி அதட்டினார்.

"என் வீட்டுக்காரருக்கு என்ன நோய்னு நாலு பேர்கிட்ட சொன்னேன் சார். பொண்டாட்டி சொல்லாம வேற யார் சொல்லுவாங்க?"

அதிகாரி கைப்பையிலிருந்து தேர்வு விதிகளை எடுத்தார். வெளியான கேள்வி எந்த நிலையிலும் மறுபடி பயன்படுத்தப்படக் கூடாது. அது மீண்டும் பயன்படாதபடி முற்றிலும் செயலிழக்கச் செய்யப்பட வேண்டும் என்று படித்தார். லிஃப்ட்காரர் சக்கர நாற்காலியில் நெளிந்தார். மறுதேர்வுக்குப் பிறகு செயலிழக்கச் செய்யலாமே என்று பெரிய டாக்டர் கெஞ்சினார். இப்படிப்பட்ட மர்மர் ஒரு தலைமுறைக்கு ஒன்றுதான் வரும், வேண்டுமானால் கட்டிலை மட்டும் மாற்றிப் போட்டு, மீசையை எடுத்துவிட்டால் யாருக்கும் அடையாளம் தெரியாது என்று யோசனை சொன்னார்.

தேர்வு அதிகாரி எழுந்து நின்றார். விதிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"டாக்டர், முப்பது வருஷமா இந்தப் பல்கலைக்கழகத்துல எத்தனையோ பேர் செத்திருக்காங்க. அதுக்கெல்லாம் நான் கலங்கினதில்லை. ஆனா ஒரு தேர்வோட புனிதம் கெட்டா என்னால தூங்க முடியாது. இந்த ஆள் இன்னிக்கு ஒரு வெளியான கேள்வி. இப்படியே நடமாட விட்டா நாளைக்கு எவன் வேணும்னாலும் வந்து கேட்டுட்டுப் போவான். ஆளை மாத்த முடியாது. வால்வை மாத்துங்க."

தண்டனை உத்தரவு அன்று மாலையே வந்தது. தேர்வு ரகசியத்தைப் பாதுகாக்கத் தவறிய மேற்படி லாங் கேஸ், எச்சரிக்கை நடவடிக்கையாக உடனே அறுவை சிகிச்சைக்கு உட்படுத்தப்படுகிறது என்று அதில் இருந்தது. மேல்முறையீட்டுக்கு ஒரு வாரம் அவகாசமும் கொடுத்திருந்தார்கள். மனைவி மேல்முறையீடு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்ட வேகத்தில் பேனா முனை வளைந்தது.

தள்ளுவண்டி வந்தபோது வார்டில் பிரிவுபசாரம் நடந்தது. பெரிய டாக்டர் கடைசி முறையாக ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நீண்ட நேரம் கேட்டார். ஒரு நிமிஷம் மௌனம் அனுஷ்டித்தார்கள். யாருக்கென்று விளங்காத பக்கத்துக் கட்டில்காரர், லிஃப்ட்காரருக்காக்கும் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டார். வண்டியைத் தள்ளியவர் அன்று வழி தவறி வந்த அதே சர்ஜன். ஆள் விட்டால் மறுபடி தடுத்துவிடுவார்கள் என்று தானே வந்திருந்தார்.

லிஃப்ட் கதவு மூடும்போது மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்குங்களா?"

"லிஃப்ட்ல ஏறி ரொம்ப நாளாச்சு" என்றார் அவர். அவள் கையை விடவில்லை.

வெளியே அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சில், ஒரு கட்டத்தில் எக்கோ டாக்டரும் வந்து உட்கார்ந்தார். சர்ஜன் முகமூடியை இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். நல்லபடியாக முடிந்தது என்றார். பழைய வால்வின் ஓட்டை ஊசித்துளை மாதிரி ஆகியிருந்தது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கதையே வேறு என்றார். புது வால்வில் இரண்டு கதவு இருக்கிறது என்றும் சொன்னார்.

மனைவி திடுக்கிட்டாள். "பழசும் ரெண்டு, புதுசும் ரெண்டா? இதுக்கா டாக்டர் இத்தனை பாடு?"

"இந்த ரெண்டும் திறக்கும்மா" என்றார் சர்ஜன்.

சில நாள் கழித்து லிஃப்ட்காரர் வார்டில் சாய்ந்து உட்கார்ந்து ரொட்டியை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். கழிப்பறைக்குச் சுவரைப் பிடிக்காமல் போய் வந்தார். போய் வந்த சந்தோஷத்தில் இன்னொரு தடவையும் போய் வந்தார். அப்போதுதான் வெள்ளைக் கோட்டுகளின் ஊர்வலம் நுழைந்தது. துக்க வீட்டுக்கு வருகிற முகத்தோடு வந்த பெரிய டாக்டர், பழக்க தோஷத்தில் ஸ்டெதாஸ்கோப்பை அவர் நெஞ்சில் வைத்தார். கண்ணை மூடினார். புருவம் மெல்ல உயர்ந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கதவு சாத்துகிற சத்தம், கைக்கடிகாரம் மாதிரி, துல்லியமாக, கணீரென்று. அவர் முகத்தில் வெளிச்சம் பரவியது. மாணவர்களைக் கையசைத்து அழைத்தார்.

"எல்லாரும் வாங்க. யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இது என்னன்னு..."

கட்டில் ஓரத்தில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

"செயற்கை வால்வு" என்றாள், வார்டின் கோடிவரை கேட்கிற மாதிரி. "ரெண்டு கதவு. போன வாரம் வெச்சது. ரத்தம் உறையாம இருக்க தினமும் ஒரு மாத்திரை, ஆயுசு முழுக்க. மாசாமாசம் ரத்தப் பரிசோதனை. பல் புடுங்கறதுன்னா டாக்டர்கிட்ட சொல்லிட்டுத்தான் புடுங்கணும். எழுதிக்கிட்டீங்களா எல்லாரும்?"

மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். பெரிய டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மெல்லத் திரும்பிப் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். அதில் கிடந்தவர் போர்வையைத் தாடை வரைக்கும் இழுத்துக்கொண்டார்.

"ஜெராக்ஸ் அக்கா" என்று கூப்பிட்டார் அவர். "எனக்கு என்னங்கறதையும் கொஞ்சம் சத்தமா சொல்லிடுங்களேன்."